எண்ணெய் அல்ல, தைலம்

கிணத்துக்கடவு
18.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரு மாதமாக என் அழைப்பு உங்கள் போனுக்கு வந்து சேர்வதில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்ஷத் சொன்னார். மனைவிக்காகத் தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார், அதையும் எடுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கோட்டைமேட்டுக்கு நேரிலேயே வந்தேன். நான் கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போது நீங்கள் பின்வாசல் வழியாகப் போனீர்கள். அத்தர் வாசனை அப்போதுதான் கலைந்துகொண்டிருந்தது.

ஆகவே எழுதுகிறேன். "அல்லா மேல ஆணையா, இனிமே இவகூட வாய் தொறந்து பேசமாட்டேன்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள். படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை.

மயிலாத்தாள் அக்காவின் மகள் வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தவரை வழிமறித்தேன். தைலக் கொட்டகையில் அண்டாவைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள் அக்கா, அண்ணனைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கிளம்பும்போது நின்று சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, பாய் திட்டுவாருங்க. ஆனாலும் சொல்லிப்போடறேன். அண்டாச் சுடுதண்ணி கால்ல ஊத்தி மூணு வாரமாச்சுங்க. சுண்டுவெரல்ல புண்ணு. சுட்டதே தெரியலேன்னு சிரிக்கறாருங்க."

அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை உள்ளவருக்குச் சுட்டது தெரியவில்லை என்றால் காலில் உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். உணர்ச்சி போன காலில் வரும் புண் சத்தமில்லாமல் உள்ளே போகும். மதினி உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கே உங்களை ஆட்டோவில் ஏற்றியிருப்பார்.

கண்காட்சியில் நடந்ததைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். டாக்டரிடம் போய்விட்டு, போனேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கை,
சாஜிதா


தொண்டாமுத்தூர்
22.9.2024

மதிப்பிற்குரிய சாஜிதா பேகம் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்பதால் சொல்கிறேன்.

கண்காட்சியைப் பற்றி எழுதமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதவேண்டியது அது ஒன்றுதான். மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். ஆகஸ்ட் 17, உங்கள் கல்லூரி அரங்கு. மூலிகைத் தைலம் இறக்குகிறவர்கள் பதினோரு பேர். எங்கள் சரக்கை உங்கள் ஆய்வுக்கூடத்தில் கிருமிகள் மேல் வைத்துப் பார்த்தீர்கள். பெயர் போடாமல் எண் போட்டது மரியாதைக்காக என்றீர்கள். ஆனால் அதே எண்ணை எங்கள் மேசைகள் மேலும் ஒட்டி வைத்திருந்தீர்கள். மைக்கைப் பிடித்து, "ஏழாம் எண் எண்ணெய்க்கு எந்தச் சக்தியும் இல்லை, இதைப் பூசிக்கொண்டு புண் ஆறும் என்று யாரும் உட்கார்ந்திருக்காதீர்கள்" என்றீர்கள். முந்நூறு பேர் திரும்பி ஏழாம் மேசையைப் பார்த்தார்கள். அங்கே உங்கள் அண்ணன் நின்றிருந்தான்.

பக்கத்துத் தோட்டத்து ரங்கராஜ் இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏனுங்க ஏழாம் நம்பரு, சௌக்கியங்களா?" என்கிறார். நல்ல மனிதர், விளையாட்டாகத்தான் கேட்கிறார். ஆனால் தினமும் கேட்கிறார்.

இருபத்தாறு வருடமாகத் திருநீற்றுப்பச்சிலையில் தைலம் இறக்குகிறேன். நீங்கள் அதை எண்ணெய் என்கிறீர்கள். செக்கில் ஆட்டினால் எண்ணெய். அடுப்பில் காய்ச்சினால் எண்ணெய். ஆவியில் ஏறி, குழாயில் குளிர்ந்து, தண்ணீர் மேல் தண்ணீரைப்போலவே தெளிந்து மிதப்பது தைலம். மைக்ரோபயாலஜி படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவேண்டியதில்லைதான்.

காலைப் பற்றி விசாரித்திருக்கிறீர்கள். தைலம் வைத்துக்கொண்டிருக்கிறேன். வலி இல்லை. மயிலாத்தாளிடம் இனிமேல் என்னைப் பற்றி விசாரிக்க வேண்டாம். என் மகள் யுஸ்ராவிடமும் எதுவும் சொல்லவேண்டாம். பவானியில் கைக்குழந்தையோடு இருப்பவளைப் பதறவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மு. ஷாஹுல்


கிணத்துக்கடவு
29.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

"நீங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். ஐம்பது வருடத்தில் முதல் முறை. நம் ஊரில் மரியாதையால் இவ்வளவு வலிக்கவைக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. பேசாமல் இருந்ததே பரவாயில்லை.

மைக்கில் சொன்னது தப்பு. முதலில் உங்களிடம் தனியாக வந்து சொல்லியிருக்கவேண்டும். பட்டியலில் எண்கள்தான் இருந்தன, ஏழு யாருடையது என்று பேசி முடித்துத் திரும்பியபோதுதான் பார்த்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் அதுதான் நடந்தது. பார்த்த பிறகு மைக்கை எங்கே வைத்தேன் என்பதே எனக்கு நினைவில்லை.

சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன முடிவுக்குக் கேட்க முடியாது. ஒரு தட்டில் கிருமியை மெழுகின மாதிரி பரப்புவோம். பொட்டு அளவு காகித வில்லையைச் சரக்கில் நனைத்து அதன் நடுவில் வைப்போம். மறுநாள் காலையில் தட்டு முழுவதும் கிருமி வளர்ந்திருக்கும். சரக்குக்குச் சக்தி இருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி வராமல் ஒரு வட்டம் தெளிந்திருக்கும். அந்த வட்டத்தை அளக்கிறோம், அவ்வளவுதான். ஏழாம் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. மூன்று தட்டுகளிலும் இல்லை. அதில் எனக்கு அண்ணன் தங்கை கிடையாது.

இப்போது என் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். புண் எவ்வளவு அகலம்? சுற்றிலும் சிவந்திருக்கிறதா? கட்டுத்துணியில் என்ன நிறம் படிகிறது? வாடை உண்டா? வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்தி இல்லை, அண்ணா.

சாஜிதா


தொண்டாமுத்தூர்
3.10.2024

சாஜிதா பேகம் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம்.

அகலம், ஒரு ரூபாய் நாணயம். சிவப்பு, இருக்கிறது. வாடை, திராட்சை கொஞ்சம் அழுகினால் வருமே, அப்படி. துணியில் படிவது பச்சை. பச்சிலை வைக்கும் இடத்தில் பச்சைதானே படியும்.

இந்த வாரம் யானை வந்து தண்ணீர்க் குழாயை மிதித்துவிட்டுப் போய்விட்டது. பச்சிலைப் பாத்தியை ஒன்றும் செய்யவில்லை, சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. யானைக்குத் தெரிந்த மதிப்பு கல்லூரிக்குத் தெரியவில்லை. குழாய் மாட்டும் வேலை இருப்பதால் இதற்கு மேல் எழுத நேரமில்லை.

மு. ஷாஹுல்


கிணத்துக்கடவு
10.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை மூன்று நாள் எழுதாமல் வைத்திருந்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

"பச்சை" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் உங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். தைலம் தண்ணீரைப்போலத் தெளிந்தது என்று அதற்கு முந்தைய கடிதத்தில் நீங்களே எழுதியிருந்தீர்கள். நிறமே இல்லாத தைலத்திலிருந்து துணிக்கு ஏது பச்சை?

அதே நேரம் இன்னொரு பச்சையும் நினைவுக்கு வந்தது. ஆகஸ்டில் வந்த ஏழாம் சீசா. அதுவும் பச்சையாக இருந்தது. சோதனை முடிந்து மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம். சனிக்கிழமை போய் எடுத்துப் பார்த்தேன். பதினோரு சீசாக்களில் பத்து தண்ணீராக ஆடின. ஏழு மட்டும் வெண்ணெய் மாதிரி உறைந்திருந்தது. கவிழ்த்தேன், விழவில்லை.

எது உறையும் என்று சமைக்கிற எவளுக்கும் தெரியும். எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்றுதான் தெரியவில்லை. அது தேங்காய் எண்ணெய், அண்ணா. பச்சிலையைப் போட்டுக் காய்ச்சிய உங்கள் கூந்தல் எண்ணெய். மார்கழியில் கடை அலமாரியில் உறைந்து நிற்குமே, அதே.

மயிலாத்தாள் அக்காவைக் கேட்டேன். சரக்கு அனுப்பிய அன்றைக்கு நீங்கள் யுஸ்ராவைப் பார்க்கப் பவானி போயிருந்தீர்களாம். எங்கள் கல்லூரிச் சீட்டைப் பார்த்து அவர்தான் ஊற்றியிருக்கிறார். "சீட்டுல எண்ணெய்னு எழுதியிருந்துச்சுங்க அம்மணி. எண்ணெயக் கேட்டா எண்ணெயத்தானே ஊத்தோணும்? தைலம்னா தைலம்னு எழுதியிருப்பீங்கல்ல?" என்றார். அந்தச் சீட்டை எழுதியது நான். இங்கிலீஷில் படித்ததைத் தமிழாக்கி "நறுமண எண்ணெய்" என்று எழுதினேன். மற்றப் பத்துப் பேரும் ஊகித்துக்கொண்டார்கள். உங்கள் கொட்டகையில் மட்டும் சொல்லுக்குச் சொல்லாகச் செய்திருக்கிறார்கள். அங்கே அப்படித்தான் வேலை நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

என் மாணவி ரம்ஷாவை விட்டு உங்கள் கடையில் தைலம் வாங்கிவரச் சொல்லித் திரும்பவும் சோதித்தேன். வில்லையின் அகலம் ஆறு மில்லிமீட்டர், அதையும் சேர்த்துத்தான் வட்டத்தை அளப்போம். கட்டி, கொப்புளத்தில் இருக்கும் கிருமி மேல் பத்தொன்பது. வயிற்றுப்போக்குக் கிருமி வகை மேல் பதின்மூன்று. அன்று முதலிடம் என்று நான் அறிவித்த சரக்குக்கு, இந்த முதல் கிருமி மேல் பதினேழுதான் வந்தது. நீங்கள் ஏழாம் நம்பர் இல்லை. முந்நூறு பேர் முன்னால் நான் சொன்னது பொய். அதை அதே முந்நூறு பேருக்கும் எழுத்தில் திருத்துவேன்.

இனி, மூன்று நாள் எழுதாததற்குக் காரணம். பத்தொன்பது என்ற எண்ணைப் படித்தால் நீங்கள் புண்ணுக்கு இன்னும் இரண்டு சொட்டு அதிகமாக வைப்பீர்கள். அதனால் இதை மறைத்துவிட்டு, உங்களைப் பயமுறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். ஒரு தடவை உங்களிடம் தெரியாமல் பொய் சொன்னேன். இரண்டாவது தடவை தெரிந்தே சொல்ல மனம் வரவில்லை.

ஆகவே மூன்றாவது தட்டையும் சொல்லிவிடுகிறேன். அதில் இருந்தது சூடோமோனாஸ். ஈரத்தில் வாழும் கிருமி, தண்ணீர்க் குழாய், வாளி, நனைந்த செருப்பு எல்லாவற்றிலும் இருக்கும். அதன் மேல் உங்கள் தைலத்துக்குக் கிடைத்தது ஆறு. அதாவது ஒன்றுமில்லை. அந்தக் கிருமி வளரும் இடத்தில் பச்சை நிறம் விடும். வாடை, அழுகிய திராட்சை.

தட்டில் கொல்வது வேறு, காலில் கொல்வது வேறு. காலில் ரத்த ஓட்டம் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, எலும்பு இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன், போங்கள்.

சாஜி


தொண்டாமுத்தூர்
12.10.2024

சாஜிதா,

வ அலைக்குமுஸ் ஸலாம்.

கடிதத்தை மயிலாத்தாளுக்கும் ரங்கராஜுக்கும் வாசித்துக் காட்டினேன். "வெண்ணெய் மாதிரி உறைந்திருந்தது" என்ற இடத்தை இரண்டு தடவை. ரங்கராஜ், "அப்ப இனிமே பத்தொம்பதாம் நம்பருங்களா?" என்றார். மயிலாத்தாள் அழ ஆரம்பித்துவிட்டார், தன்னால்தான் இவ்வளவும் என்று. சீட்டில் எழுதியதைச் செய்தவர் மேல் தப்பில்லை, எழுதினவள் மேல்தான் தப்பு என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். அதையும் உனக்கு எழுதச் சொன்னார்.

பத்தொன்பது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்லவேண்டியதை உன் தட்டு சொல்லிவிட்டது.

ஆனால் மூன்றாவது தட்டு மட்டும் எப்படி? அது உன் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கிருமி. யார் காலிலிருந்தோ எப்போதோ எடுத்து, சோறு போட்டு வளர்த்தது. என் காலில் இருப்பது என் கிருமி. ஒன்றரை மாதமாக என் தைலத்தின் வாசனையிலேயே கிடக்கிறது. அதை எடுத்து உன் தட்டில் போடு. என் தைலத்தை வை. வட்டம் வந்தால் நீ வாயை மூடவேண்டும், ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கக்கூடாது. வராவிட்டால் நான் போகிறேன். இதற்கும் அல்லா மேல் ஆணையிட நினைத்தேன். ஏற்கெனவே போட்ட ஆணை ஒன்று பாரமாகக் கிடக்கிறது, அதனால் வெறும் வார்த்தையாகச் சொல்கிறேன்.

மயிலாத்தாளிடம் வெறும் பஞ்சுக் குச்சியைக் கொடுத்து அனுப்பாதே. எப்படி எடுப்பது, எதைத் தொடக்கூடாது என்று தெளிவாக எழுது. சீட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் இங்கே செய்வோம்.

அண்ணன்,
ஷாஹுல்

இதில் "நீ" என்று எழுதியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும். விட்டுவிட்டேன்.


கிணத்துக்கடவு
18.10.2024, காலை 9.40

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

குச்சி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. சீட்டில் எழுதினபடி ஒன்று விடாமல் செய்திருந்தீர்கள். குச்சி இருந்த குழாயின் மேல் "மு. ஷாஹுல், சுண்டுவிரல், இடது" என்று உங்கள் கையெழுத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும், நாற்பது மாணவிகள் இருக்கும் அறையிலிருந்து சற்று வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை கிருமி வளர்ந்தது. நேற்று அதைத் தட்டில் பரப்பி நான்கு வில்லைகள் வைத்தேன். ஒன்று உங்கள் தைலம், ஒன்று அதே தைலம் இரண்டு மடங்கு, ஒன்று வெறும் வில்லை, ஒன்று ஆஸ்பத்திரியில் ஊசியாகக் கொடுக்கும் மருந்து. இன்று ஏழரை மணிக்கே வந்து திறந்தேன். ரம்ஷாவை முதலில் பார்க்கச் சொன்னேன். எனக்கு வேண்டியதை என் கண் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக.

தட்டு முழுவதும் பச்சை. தைலம் ஆறு. இரண்டு மடங்கு ஆறு. வெறும் வில்லை ஆறு. ஊசி மருந்து இருபத்திரண்டு.

வட்டம் வரவேண்டும் என்று நான் துஆ கேட்டேன், அண்ணா. தோற்றுப்போவதற்காக துஆ கேட்டது இதுதான் முதல் தடவை.

தட்டின் போட்டோவையும் இந்தக் கடிதத்தின் போட்டோவையும் மயிலாத்தாள் அக்காவின் போனுக்கு அனுப்புகிறேன், பதிலையும் அதிலேயே அனுப்புங்கள். அந்த நான்காவது வட்டத்தைப் பாருங்கள். உங்கள் கிருமி சாகும். ஆனால் வேறொன்றால். ஆஸ்பத்திரியில் தாங்களாகவும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். இன்றைக்கே போங்கள். நாளைக்கு என்றால் அர்ஷத் காரோடு வருவார், நான் பின்சீட்டில் இருப்பேன், நீங்கள் என்னோடு பேசவேண்டியதில்லை.

சாஜி


தொண்டாமுத்தூர்
18.10.2024

சாஜி,

வார்த்தை கொடுத்தேன். போகிறேன். அர்ஷத்தை அனுப்பு. நீயும் வா.

யுஸ்ராவிடம் இன்னும் சொல்லாதே.

ஷாஹுல்


ஆஸ்பத்திரி உணவுச் சீட்டின் பின்புறம்
22.10.2024

சாஜி, காலையில் வெட்டப்போவது எது என்று டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார்? என்னிடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன?

அண்ணா, சுண்டுவிரல் போகும். எலும்பு வரை போய்விட்டது. பாதம் நிற்கும் என்கிறார். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன் என்றார்.

சரி. நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு.

நான் சாப்பிட்டாயிற்று. நீங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அல்லா மன்னிப்பவன்.

அவனுக்கு மன்னிக்கத் தெரியும். எனக்குத்தான் ஆணையை மீறத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொள். அதைப் பற்றி நான் ஆணை இடவில்லை.


கோட்டைமேடு
10.11.2024

அன்புள்ள சாஜி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தத் தடவை முதலில் ஸலாம் சொல்வது நான்.

நேற்று கட்டுப் பிரித்தார்கள். நான்கு விரல் அழகாக இருக்கிறது. அந்தச் சிவப்பு நர்ஸ் உன்னைக் கேட்டார். ஒன்பது நாளும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நாம் சீட்டுத்தான் எழுதிக்கொண்டோம். அதைப் பார்த்து மூன்றாம் நாளே மயிலாத்தாளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க, பெரியவருக்குப் பேச்சு வராதுங்களா, இல்ல அந்தம்மாவுக்குக் காது கேக்காதுங்களா?" என்று விசாரித்தாராம். மயிலாத்தாள், "ரெண்டு பேருக்கும் எல்லாம் நல்லா வருங்க. சத்தியம் பண்ணிப்போட்டு முழிக்கறாங்க" என்றிருக்கிறார்.

யுஸ்ராவுக்குத் தெரிந்துவிட்டது. போனில் ஒரு மணி நேரம் திட்டினாள். பெரும்பாலும் உன்னைத்தான், சொல்லாமல் விட்டதற்கு. பொறுத்துக்கொள்.

நீ கேட்கமாட்டாய் என்றாலும் சொல்கிறேன். எனக்கு வலித்தது விரலால் இல்லை. தட்டில் தைலம் தோற்றதாலும் இல்லை. ஆகஸ்டில் மைக்கில் நீ சொன்னபோது ஒரு நொடி நானும் அதை நம்பிவிட்டேன், சாஜி. இருபத்தாறு வருடமும் வெறும் வாசனையைத்தான் விற்றேனோ என்று. அந்த ஒரு நொடிக்காகத்தான் ஆணையிட்டேன். உன் மேல் இருந்த கோபத்தைவிட அந்தப் பயம் பெரியது. புண்ணில் தைலத்தை வைத்துக்கொண்டே இருந்ததும் அதற்காகத்தான். மருந்துக்காக வைக்கவில்லை, சாட்சிக்காக வைத்தேன்.

இதை வாயால் பேச முடிந்திருந்தால் உன்னிடம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

ஷாஹுல்


கிணத்துக்கடவு
17.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம்.

உங்கள் கடிதத்தை அர்ஷத்திடம்கூடக் காட்டவில்லை. என்னிடமே இருக்கும்.

திருத்த அறிவிப்பு அச்சாகிவிட்டது, ஒரு பிரதி வைத்திருக்கிறேன். கல்லூரிப் பலகையில் ஒட்டியாயிற்று. கண்காட்சிக்குப் பெயர் கொடுத்த எல்லாருக்கும் தபாலில் போகிறது. ரங்கராஜுக்கும் ஒன்று போகும். "ஏழாம் எண்ணாகச் சோதிக்கப்பட்டது தைலம் அல்ல, அழைப்புச் சீட்டில் நாங்கள் பயன்படுத்திய சொல்லால் ஏற்பட்ட பிழை" என்று என் கையெழுத்தோடு இருக்கிறது. முதல்வர் "பிழை" என்ற சொல்லை எடுத்துவிடலாமே என்றார். வேண்டாம் என்றேன்.

ஆனால் அடுத்த வரியையும் படியுங்கள். எந்தக் கிருமி மேல் வட்டம் வந்தது, எதன் மேல் வரவில்லை, இது தட்டில் கண்டது மட்டுமே, புண்ணுக்கு மருந்து என்பதற்கு இது சான்றல்ல என்று அதில் போட்டிருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் சீசாவில் "புண் ஆறும்" என்ற வரி இருக்கும்வரை, உங்கள் மாதிரியே பிடிவாதக்காரர் ஒருவர் எங்கோ காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு என்னைப்போல ஒரு தங்கை இருக்கிறாளோ இல்லையோ.

ரம்ஷா பச்சிலையையே தன் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறாள். பூக்கும் முன் அறுத்ததற்கும் பூத்த பின் அறுத்ததற்கும் வட்டத்தில் வித்தியாசம் வருமா என்று பார்க்கவேண்டுமாம். கொட்டகைக்கு வரலாமா என்று கேட்கிறாள். எண்ணெய் என்று சொல்லிவிடாதே என்று எச்சரித்திருக்கிறேன்.

சாஜி


கோட்டைமேடு
2.12.2024

அன்புள்ள சாஜி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சீசாவுக்குப் புதுச் சீட்டு அடித்தாயிற்று. "புண் ஆறும்" இல்லை. "திருநீற்றுப்பச்சிலைத் தைலம். ஆவியில் இறக்கியது." அவ்வளவுதான். அந்த வரி போனதும் எழுத்து பெரிதாகப் போட இடம் கிடைத்தது. ரம்ஷா வரட்டும். பூக்கும் முன் அறுப்பதுதான் சரி என்று இருபத்தாறு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவள் அளந்து சொல்லட்டும்.

இனி முக்கியமான செய்தி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுதினதால் ஆணை முறிந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, வாயால் பேசினால்தான் முறியும் என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். முறிந்திருக்கும் என்று ஆசையோடு போயிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "பாய், கூடப்பொறந்தவகூடப் பேசமாட்டேன்னு ஆணையிட்டா, அதக் காப்பாத்தறது பெருமையில்லீங்க. முறிச்சுப்போட்டுப் பரிகாரம் செய்யறதுதான் நல்லது." பத்து ஏழைகளுக்கு இரண்டு வேளை வயிறாரச் சாப்பாடு. அதுதான் பரிகாரம்.

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியமே சமைத்துப் போட்டுவிட்டு, மாலையில் தங்கைக்குப் போன் பேசட்டுமா என்று கேட்டேன். அதற்கும் விடவில்லை. முதலில் முறிக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் பரிகாரம். முன்கூட்டிப் போட்ட சோறு வெறும் விருந்து.

போனில் பேசி முறிக்க எனக்கு மனமில்லை. முந்நூறு பேர் முன்னால் நின்று போட்ட ஆணை, நேரில்தான் முறியவேண்டும். ஆகவே 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். நெய்ச்சோறும் தால்சாவும். மயிலாத்தாள் காலையிலேயே வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார். ரங்கராஜ் வாழை இலை கொண்டுவருகிறார். அண்டா தயாராக இருக்கும். ஆனால் நான் உன்னிடம் வாயால் ஒரு வார்த்தை பேசும்வரை அடுப்புப் பற்றாது.

நீ தாமதமாக வந்தால் பத்துப் பேர் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். பாவம் உனக்குத்தான். அந்தச் சோற்றில் உனக்குப் பங்கு இல்லை, அது அவர்களுக்கு மட்டும். உனக்கும் அர்ஷத்துக்கும் தனியாக ஆக்கச் சொல்லியிருக்கிறேன். சாப்பாடு இரண்டு வேளை என்பதால் மாலை வரை இருக்கவேண்டியிருக்கும். ஹஜ்ரத் சொன்ன சட்டத்திலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

என்ன வார்த்தை பேசுவது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

அண்ணன்,
ஷாஹுல்


கிணத்துக்கடவு
5.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம்.

ஒன்பது மணிக்கு உங்கள் வாசலில் நிற்பேன். கதவைத் தட்டமாட்டேன், அண்ணா என்று கூப்பிடவும் மாட்டேன். நீங்களாகத் திறந்து பேசவேண்டும்.

வார்த்தையைத் தேடவேண்டாம். யார் வந்திருக்கிறார்கள் என்று உள்ளேயிருந்து மயிலாத்தாள் அக்கா கேட்பார். அவருக்குப் பதில் சொன்னால் கணக்கில் வராது. என் முகத்தைப் பார்த்து என் பெயரைச் சொல்லுங்கள், போதும். இரண்டரை மாதமாக அதைக் கடிதத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். காதால் கேட்கவேண்டும்.

தீப்பெட்டியை அக்கா கையில் கொடுத்து வையுங்கள்.

சாஜி